கையேடு சொன்னது ஒன்று, மீட்டர் சொன்னது ஒன்று: காந்தப்புல செய்முறைப் பெட்டி, ஒரு வருட அனுபவம்

முதல் நாள் பெட்டியைப் பிரித்து, கையேட்டில் போட்டிருந்தபடியே இரண்டு கம்பிச்சுருள்களையும் தொடராக இணைத்து, ஒரு ஆம்பியர் மின்னோட்டம் விட்டேன். நடுவில் காந்தப்புலம் 900 மைக்ரோடெஸ்லாவுக்கு (புலத்தை அளக்கும் அலகு) பக்கத்தில் வரும் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டிருந்தேன். மீட்டரில் வந்தது 2.

தொள்ளாயிரம் எங்கே, இரண்டு எங்கே! பின்வரிசையில் சிரிப்புச் சத்தம். ஆய்வக உதவியாளர் அண்ணன், "ஃபியூஸ் போயிருக்கும் மேடம்" என்றார். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது, அம்மீட்டர் சரியாக 1.00 காட்டியது. இரண்டாவது சுருளின் ஒயர்களை இடம் மாற்றிச் சொருகினேன். மீட்டர் 886-க்குத் தாவியது. விஷயம் இவ்வளவுதான்: இரண்டு சுருள்களிலும் மின்னோட்டத் திசைக்கு ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், அதில் ஒன்று தலைகீழ். இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டு நடுவில் பூஜ்ஜியமாகிவிட்டன.

இதைக் குறையாகத்தான் எழுத வந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு அந்த 2 வந்ததால்தான் புலங்கள் கூடுவது, கழிவது என்றால் என்ன என்று மாணவர்களுக்குப் புரிந்தது. கரும்பலகையில் புள்ளியும் பெருக்கல் குறியும் (புலம் நம்மை நோக்கி வந்தால் புள்ளி, விலகிப் போனால் பெருக்கல் குறி) போட்டுப் பல வருடங்கள் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்துக்கு அவையெல்லாம் ஈடாகாது.

சரி, பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 100 சுற்றுகள் கொண்ட இரண்டு வட்டச் சுருள்கள். அவற்றை நிறுத்த, பள்ளங்கள் வெட்டிய ஒரு தண்டவாளம். 50 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் உள்ள செவ்வகச் சட்டம், அதில் ஒரே சுற்றாகத் தடித்த செம்புக் கம்பி. வளைத்துக்கொள்ள ஒரு மீட்டர் நீளத்தில் வெறும் கம்பி. இரண்டு தனித்தனி வெளியீடுகள் உள்ள பவர் சப்ளை. ஹால் விளைவில் (மின்னோட்டம் ஓடும் சில்லில் காந்தப்புலம் ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குவது) வேலை செய்யும் மீட்டரும் அதன் பட்டையான உணர்முனையும். ஒரு காந்த ஊசி, ஒரு கணக்கீட்டு மென்பொருள், அப்புறம் அந்தக் கையேடு.

காந்த ஊசியை ஒரே வரியில் முடித்துவிடலாம். அதைச் சட்டக் காந்தத்தோடு ஒரே பையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், வந்து சேரும்போதே வடக்கும் தெற்கும் மாறியிருந்தது.

மீட்டர்தான் இந்தப் பெட்டியின் உயிர். ஒரு மைக்ரோடெஸ்லா வரைக்கும் பிரித்துக் காட்டுகிறது, எண்கள் ஆடாமல் நிற்கின்றன. நான் முதலில் செய்த சோதனை இது. இரண்டு சுருள்களையும் 10 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, முதல் சுருளில் மட்டும் ஒரு ஆம்பியர் விட்டால் நடுப்புள்ளியில் 444. அதை நிறுத்திவிட்டு இரண்டாவதில் மட்டும் விட்டால் 442. இரண்டிலும் விட்டால் 886. மேற்பொருந்துதல் தத்துவம் என்று பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் வரும் விஷயம், இங்கே மூன்று எண்களில் முடிந்துவிடுகிறது. ஒரு சுருளின் புலம் இன்னொன்றைத் தடுப்பதும் இல்லை, மாற்றுவதும் இல்லை. அது பாட்டுக்கு இருக்கிறது, இது பாட்டுக்கு இருக்கிறது, அந்த இடத்தில் கூட்டிக்கொள்ள வேண்டியது நம் வேலை. பக்கத்தில் இரும்பு இருந்தால் மட்டும் கதை மாறும். அதனால்தான் தண்டவாளத்தை அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள். யோசித்துச் செய்த வேலை, பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒரு சுருளின் மையத்தில் புலம் என்பது மியூ நாட் (வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன் என்ற மாறிலி), சுற்றுகளின் எண்ணிக்கை, மின்னோட்டம் மூன்றையும் பெருக்கி, ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுப்பது. கையேடு தரும் ஆரம் 10 செ.மீ. அப்படியென்றால் 628 வரவேண்டும். எனக்கு வந்தது 610. மூன்று சதவீதம் குறைவு. மீட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஓர் அளவுகோலை எடுத்து அளந்தேன். 10 செ.மீ. என்பது கம்பி சுற்றப்பட்ட உருளையின் ஆரம். அதன்மேல் கம்பி அடுக்கடுக்காக 6 மி.மீ. தடிமனுக்கு ஏறியிருக்கிறது. நடு அடுக்குக்குப் பார்த்தால் ஆரம் 10.3 செ.மீ. அதைப் போட்டால் கணக்கும் 610-தான். இதே கையேடு மியூ நாட்டின் மதிப்பை 10 இலக்கங்களுக்கு எழுதி, 2019-இல் அலகு முறை திருத்தப்பட்டதிலிருந்து அது அளந்து அறியும் எண்ணாகிவிட்டது என்று அடிக்குறிப்பு வேறு போடுகிறது. உண்மைதான். ஆனால் ஆரத்தில் மூன்று சதவீதத்தைக் கோட்டைவிட்டவர்களுக்குப் பத்தாவது இலக்கம் எதற்கு?

இரண்டு சுருள்களுக்கு இடையிலான தூரமும் ஆரமும் சமமாக இருந்தால் அது ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைப்பு. ஒரு சுருளை விட்டு விலகும்போது அதன் புலம் குறையும், அதே நேரம் மற்றதை நெருங்குவதால் அதன் புலம் ஏறும். இந்த ஏற்றமும் இறக்கமும் நடுவில் கிட்டத்தட்ட முழுசாகச் சரிக்கட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். பள்ளங்கள் 10 செ.மீ.-க்கு வெட்டப்பட்டிருக்கின்றன, ஆரமோ 10.3. அதனால் இது அச்சு அசலான ஹெல்ம்ஹோல்ட்ஸ் இல்லை. இருந்தாலும் நடுவில் 886 என்றால், அச்சின் வழியே இரண்டரை செ.மீ. தள்ளி 880. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. சுருளின் தளத்துக்கே போனால்தான் 830-ஐத் தாண்டிக் கொஞ்சம் என்று இறங்குகிறது. அந்தச் சமவெளியை மாணவர்கள் வரைபடத்தாளில் வரைந்தபோது, புள்ளிகள் நேர்கோடாக நிற்பதைப் பார்த்து, "மிஸ், சரியாத்தான் அளந்தோமா?" என்று திரும்ப அளந்தார்கள்.

இப்போது செவ்வகச் சட்டம். இந்த விமர்சனத்தை எழுதவே இதுதான் காரணம்.

நேர்க்கம்பியின் புலத்தை அளப்பதற்காக இந்தச் சட்டம். அதன் ஒரு நீளப் பக்கத்தை "மிக நீண்ட நேர்க்கம்பி" என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது கையேடு. 5 ஆம்பியர், 2 செ.மீ. தூரம். நீண்ட கம்பிக்கான வாய்ப்பாட்டில் போட்டால் கச்சிதமாக 50 மைக்ரோடெஸ்லா. மனக்கணக்காகவே போடலாம்: ஆம்பியரை இரண்டால் பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்து, பத்தால் வகுத்தால் மைக்ரோடெஸ்லா கிடைத்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பூமியின் காந்தப்புலமே இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கிறது. நாம் அளக்கப்போவதும் அதே அளவுதான். 1820-இல் ஓர்ஸ்டெட் மின்னோட்டக் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி அசைவதைப் பார்த்த காலத்திலிருந்தே பூமியின் புலமும் கணக்கில் கூடவே வருகிறது. கையேடு, "மீட்டரில் உள்ள பூஜ்ஜியப் பொத்தானை அழுத்தவும்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. அழுத்தினால் பூஜ்ஜியமாகத்தான் ஆகும். ஆனால் உணர்முனையைக் கொஞ்சம் திருப்பினாலே பூமியின் புலத்தில் வேறொரு கூறு உள்ளே நுழைந்துவிடும், பொத்தானுக்கு அது தெரியாது. ஒரு குழு பொத்தானை அழுத்திவிட்டு முனையைத் திருப்பித் திருப்பி அளந்து, மின்னோட்டமே இல்லாத கம்பிக்குப் பக்கத்தில் 40 மைக்ரோடெஸ்லா இருப்பதாக எழுதிக்கொண்டு வந்தது.

அதனால் நாங்கள் பொத்தானைத் தொடுவதே இல்லை. மின்னோட்டத்தை ஒரு திசையில் விட்டு ஓர் அளவு, முனையை அசைக்காமல் திசையை மாற்றி இன்னோர் அளவு. இரண்டின் வித்தியாசத்தில் பாதி கம்பியுடையது, கூட்டுத்தொகையில் பாதி பூமியுடையது. உணர்முனைப் பட்டையைக் கம்பிக்கு இணையாகப் பிடிப்பது முக்கியம். உள்ளே இருக்கும் சில்லு நுனியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று எங்கேயும் குறிக்கவில்லை. கம்பியை நோக்கி நீட்டிப் பிடித்தால் அந்த மில்லிமீட்டர்கள் அப்படியே தூரத்தில் பிழையாகிவிடும். இணையாகப் பிடித்தால் அந்தக் கவலை இல்லை.

சட்டத்துக்கு உள்பக்கம் 2 செ.மீ.-இல் முதல் அளவு 86, திசை மாற்றினால் கழித்தல் 25. வித்தியாசம் 111, பாதி 55.5.

50 எங்கே? வகுப்பில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மின்னோட்டம் கூடிவிட்டது என்றான் ஒருவன். அம்மீட்டரைப் பார்த்தோம், 5.00. தூரம் தப்பு என்றான் இன்னொருவன். 2 செ.மீ.-க்குப் பதில் 1.8-இல் வைத்தால்தான் 55 வரும், அவ்வளவு பிழை இல்லை. "மீட்டர் பொய் சொல்லுது மிஸ்" என்று தீர்ப்பு எழுதும் நிலைக்கு வந்துவிட்டார்கள். நானும் பாதி நம்பிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது ஒரு மாணவி முனையைச் சட்டத்துக்கு வெளிப்பக்கம் அதே 2 செ.மீ.-இல் வைத்து அளந்தாள். கழித்தல் 14, கூட்டல் 76. வித்தியாசத்தில் பாதி 45.

உள்ளே 55, வெளியே 45. சராசரி 50. அவள் சட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ், மின்னோட்டம் திரும்பி வர்ற கம்பியை நாம கணக்குலயே சேர்க்கலையே" என்றாள்.

அவ்வளவுதான்! கம்பி ஒரு பக்கம் மட்டும் இல்லை, நான்கு பக்கமும் இருக்கிறது. போன மின்னோட்டம் திரும்பி வந்துதானே ஆகவேண்டும்? கரும்பலகையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதல் பக்கத்தின் பங்கு 49.8 (50 செ.மீ. நீளம் முடிவிலி இல்லை, ஆனால் 2 செ.மீ. தூரத்துக்கு அது போதும், 10 செ.மீ. தள்ளிப் போனால்தான் ஏழு சதவீதம் குறையும்). எதிர்ப்பக்கக் கம்பி 28 செ.மீ. தள்ளி இருக்கிறது, அதன் பங்கு 2.4. மேலும் கீழும் உள்ள குட்டைப் பக்கங்கள் ஒவ்வொன்றும் 1.65. உள்ளே நிற்கும்போது நான்கும் ஒரே திசை, கூட்டினால் 55.5. வெளியே வந்தால் முதல் பக்கத்தின் புலம் மட்டும் திசை மாறுகிறது, மற்ற மூன்றும் அப்படியே இருந்து அதைக் கழிக்கின்றன: 49.8-இலிருந்து 1.9-ம் 2.8-ம் போனால் 45.1. மீட்டர் பொய் சொல்லவில்லை. கையேடுதான் மூன்று கம்பிகளை மறந்துவிட்டது.

தேர்வுக் கணக்குகளில் "மிக நீண்ட கம்பி" என்று எழுதியே பழகிவிட்டோம். கம்பி எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிறது, திரும்பி வரும் பாதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. இந்தச் சட்டத்தில் இப்போது உள்பக்கம் 55, வெளிப்பக்கம் 45 என்று மார்க்கர் பேனாவில் எழுதிவைத்திருக்கிறார்கள், நான் அழிக்கவில்லை.

வளைக்கும் கம்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். நேர்க்கம்பியின் நடுவில் ஒரு வளையம், அதன் மையத்தில் புலம் என்ன என்பது எல்லாத் தேர்விலும் வரும் கணக்கு. 5 செ.மீ. ஆரம், 5 ஆம்பியர் என்றால் வளையத்தின் பங்கு 63, நேர்க்கம்பியின் பங்கு 20. கூட்டுவதா, கழிப்பதா? கம்பி ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் கூட்டல், 83. குதிரை லாடம் போல வெட்டாமல் வளைந்து தொடர்ந்தால் கழித்தல், 43. வளையத்தை மட்டும் 90 பாகை முறுக்கி நிமிர்த்தினால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை, 66. படத்தைப் பார்த்துத் தடுமாறுபவர்கள் கையால் வளைத்த பிறகு தடுமாறுவதில்லை. வலது கைப் பெருவிரலைத் தூக்கிக்கொண்டு தேர்வு அறையில் திணறும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த 66-தான் கையேட்டின் மிகப் பெரிய தவறுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. ஏழாவது செய்முறையில் இரண்டு சுருள்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தி, அச்சுகள் சந்திக்கும் புள்ளியில் அளக்கவேண்டும். ஒவ்வொரு சுருளும் அந்தப் புள்ளியிலிருந்து 12 செ.மீ. முதல் சுருளில் 0.71 ஆம்பியர் விட்டால் 120 மைக்ரோடெஸ்லா, இரண்டாவதில் 0.95 விட்டால் 160. "மொத்தப் புலம் 280" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிழைத்திருத்தத் தாளையும் தேடிப் பார்த்தேன், அதிலும் இல்லை. ஒன்று கிழக்கே இழுக்கிறது, ஒன்று வடக்கே இழுக்கிறது, இரண்டையும் எப்படி நேராகக் கூட்டுவது? இருமடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 200.

மீட்டரில் அந்த 200-ஐப் பிடிப்பதுதான் கொஞ்சம் மெனக்கெடும் வேலை, ஏனென்றால் உணர்முனை ஒற்றை அச்சு கொண்டது. தன் தட்டை முகத்துக்குச் செங்குத்தாக வரும் கூறை மட்டுமே அது பார்க்கும். முதல் சுருளைப் பார்த்துத் திருப்பினால் 120, இரண்டாவதைப் பார்த்துத் திருப்பினால் 160. இரண்டுக்கும் நடுவே மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் எண் ஏறிக்கொண்டே வந்து, முதல் சுருளின் அச்சிலிருந்து 53 பாகையில் 200-இல் நின்று, பிறகு இறங்குகிறது. ஒவ்வொரு கோணத்திலும் மின்னோட்டத் திசையை மாற்றிப் பூமியைக் கழிக்கவேண்டும் என்பதால் ஒரு முழு பீரியட் போய்விடும். மூன்று அச்சு உணர்முனை கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நம் கைபேசிகளில் இருக்கும் காந்த உணரியே மூன்று அச்சுகளையும் பார்க்கிறது. ஆனால் ஒன்று: ஐந்து நிமிடத்தில் முடிந்திருந்தால் வெக்டர் கூறு என்பது விரலுக்கு உணர்த்தும் இந்த அனுபவம் கிடைத்திருக்குமா என்றும் தோன்றுகிறது.

மென்பொருள் பரவாயில்லை. கம்பியைத் துண்டு துண்டாக வரைந்துகொடுத்தால் பயட்-சாவர்ட் விதிப்படி ஒவ்வொரு துண்டின் பங்கையும் கூட்டிச் சொல்கிறது. செவ்வகச் சட்டத்தைக் கொடுத்தேன், கரும்பலகையில் ஒரு மணி நேரம் போட்ட 55.5-ஐ ஒரு நொடியில் கொடுத்தது. வட்டத்துக்கு மட்டும் கவனம் தேவை. அது வட்டத்தை 12 பக்கப் பலகோணமாகத்தான் வரைகிறது, மூலைகள் வட்டத்தின் மேல் இருப்பதால் பக்கங்கள் மையத்துக்கு நெருங்கிவிடுகின்றன. விடை 2.3 சதவீதம் கூடுதலாக வரும். அமைப்புகளுக்குள் போய் 72 பக்கம் என்று மாற்றினால் வித்தியாசம் மறைந்துவிடும். ஏன் முதலிலேயே 72 வைக்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை.

பவர் சப்ளை மாறா மின்னழுத்த வகை. மாறா மின்னோட்ட வகையாக இருந்திருக்கவேண்டும். சுருளில் ஒன்றரை ஆம்பியர் விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தால், பேச்சு முடிவதற்குள் சுருள் சூடாகி 1.4-க்கு இறங்கிவிடுகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும், கையை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும் சூட்டுக்கே இவ்வளவு மாற்றம். அதனால் ஒரு ஆம்பியருக்கு மேல் போகாதீர்கள், ஒவ்வொரு அளவுக்கும் அம்மீட்டரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வருடத்தில் உடைந்தது என்று பார்த்தால் ஒரு சொருகுமுனை மட்டும். சுருள்களின் கம்பிச் சுற்று நேர்த்தியாக இருக்கிறது, மீட்டர் இன்னும் நகரவில்லை. தயாரிப்பாளருக்கு அம்புக்குறி, ஆரம், ஏழாவது செய்முறை மூன்றையும் எழுதி அனுப்பினேன். புது ஸ்டிக்கர் ஒன்று தபாலில் வந்தது, மற்ற இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தானே கணக்குப் போட்டுப் பார்க்கும் பொறுமை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். கையேட்டை வைத்துக்கொண்டு பாடத்தை நடத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் வாங்கவேண்டாம். ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், கையேட்டைத் தனியாக மதிப்பிட வசதி இருந்திருந்தால் அதற்கு ஒன்று. அந்தப் புது ஸ்டிக்கரை இதுவரை ஒட்டவில்லை. அடுத்த வகுப்புக்கும் முதல் நாள் அந்த 2-ஐக் காட்டவேண்டியிருக்கிறது.